படிவம் ஒன்பது

புண்ணின் மேல் கண்ணாடித்தாளை வைத்து
மார்க்கரால் கரையை வரைவது என் வேலை.
பிறகு கட்டங்களை எண்ண வேண்டும்.
பாதிக்கு மேல் நிறைந்தால் ஒன்று, குறைந்தால் விட்டுவிடு.
வாரம் ஒரு தாள், பன்னிரண்டு வாரம்,
சர்க்கரை அரித்த நூற்றிருபது பாதங்கள்.
ஒருவருடைய தாள்களை வரிசையாய் அடுக்கினால்
சித்திரையில் வற்றும் ஊருணி.
இந்தச் சீமையில் ஊருணி வற்றுவதைப் பார்த்து
சந்தோஷப்படுகிறவள் நான் ஒருத்திதான்.

காரைக்குடி, கல்லூரிச் சாலை, இரண்டாம் மாடி.
அறுபது பேருக்குப் பிரார்த்தனை உண்டு,
அறுபது பேருக்குக் கிடையாது.
யார் எதில் என்பது உறைக்குத்தான் தெரியும்.
உறை பீரோவில். சாவி சென்னையில்.
பெயரும் தலைப்பெழுத்தும் மட்டும் கொண்ட பட்டியல்
அங்கிருந்தே மூன்று இடத்துக்குப் போகும்:
தேவகோட்டையில் ஆறு கன்னியாஸ்திரிகள்,
குன்றக்குடி அடிவாரத்தில் ஓர் ஓதுவார்,
புதுவயலில், அரிசி மில் கணக்கை முடித்துவிட்டு
தொழப் போகிற ஹாஜா மைதீன்.

பிரார்த்தனை கிடையாத அறுபது பேரை
இந்த ஊரில் எங்கே பிடிப்பது?
சிகப்பி ஆச்சிக்குக் கட்டு மாற்றும்போது
ஈப்போவிலிருந்து மகன் போனுக்குள் திருநீறு நீட்டுகிறான்.
பெரியகருப்பன் மனைவி கொப்புடையம்மனுக்கு
வெள்ளியில் பாதம் வேண்டியிருக்கிறாள்;
அம்மன் குழம்பிவிடக் கூடாதென்று
இடது கால், இடது கால் என்று மூன்று தரம் சொன்னாளாம்.
'பின்னணி இரைச்சல்' என்றார் டாக்டர் சாத்தப்பன்.
'ரெண்டு பக்கமும் சமமா இருக்கும். கழிஞ்சிரும்.'

படிவம் நான்கு, கேள்வி பதினொன்று:
உங்களுக்காக யாரேனும் வேண்டிக்கொள்கிறார்களா?
எண் நாற்பத்தேழு சிரிக்கவில்லை.
சேவுகன். ரஸ்தா ரயில்வே கேட்டில் முப்பத்தோரு வருஷம்.
'யாருமில்ல. எழுதிக்க.
மூடுன கேட்டுக்கு முன்னால நின்னு
என்னைய வஞ்சவுக உண்டு.
வேண்டுனவுக யாரு?'

முதல் வாரம் அறுபத்தொரு கட்டம்.
ஏழாம் வாரம் எழுபத்து நாலு.
கட்டைவிரல் கறுத்திருந்தது.
வாடை என் துப்பட்டாவில் ஏறிக்கொண்டது.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போகிற பஸ்
அதே கேட்டில் நின்றது.
சரக்கு ரயில். ஐம்பது பெட்டி இருக்கும்.
எண்ணிக்கொண்டே வந்தவள், நடுவில் எங்கோ
கணக்கு விட்டுப்போய்ச் சொல்லியிருக்கிறேன்:
சேவுகன். வலது கால். விரலை விட்டுடு.
முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

யாரிடம் சொன்னேன்?
எங்கள் வீட்டில் அப்பாவின் கறுப்புச் சட்டைதான் தொங்கும்.
எனக்கு அறிவுக்கொடி என்று பேர் வைத்தவர்.
பள்ளிக்கூடத்தில் யாரோ பூசிய விபூதியை
நான் எச்சில் தொட்டு அழித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததுண்டு.

படிவம் ஒன்பது, நெறிமுறைப் பிறழ்வு.
மருந்து மாறினால், நாள் தவறினால், உறை கிழிந்தால்
டிக் அடிக்கக் கட்டம் உண்டு.
'இதர' என்ற இடத்தில் எழுதினேன்:
ஆய்வு உதவியாளர், ஒரு முறை, பஸ்ஸில்.
சாத்தப்பன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.
'இதை எண்ணுனா எல்லாத்தையும் எண்ணணும்மா.'
கிழிக்கவில்லை. கோப்பில் போட்டுக்கொண்டார்.

ஒன்பதாம் வாரம் விரலை எடுத்தார்கள்.
அதற்கப்புறம் புண் மளமளவென்று வற்றியது.
இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று
இன்னும் எனக்குத் தெரியாது.

தையில் சாவி வந்தது.
இரண்டு குழுவுக்கும் ஒரே வேகம்.
ஒரு கட்டம் வித்தியாசம், அதுவும் தப்பான பக்கம்.
நாற்பத்தேழின் உறையைப் பிரித்தேன்:
பிரார்த்தனைக் குழு.
முதல் செவ்வாயிலிருந்தே
எட்டு வாய்கள் அவர் பேரைச் சொல்லியிருக்கின்றன.

விதிப்படி சொல்லலாம். சொன்னேன்.
ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.
'எட்டுப் பேரா?'
'ஆமா.'
'பேரு எப்படிப் போட்டிருந்துச்சு?'
காட்டினேன். ஆ. சேவுகன்.
'ஆவன்னாவா? எங்கப்பன் அடைக்கலம்ல.'

ஆய்வு முடிந்து பீரோ காலியாகிவிட்டது.
இருந்தாலும் மிச்சமிருந்த படிவம் ஒன்றை எடுத்து
இதர என்ற இடத்தில் எழுதினேன்:
தலைப்பெழுத்துப் பிழை. பன்னிரண்டு வாரம்.